துப்பாக்கி வெடிக்காத த்ரில்லர் - ஒரு மாணவர் படத்தின் வரலாறு

1956ஆம் ஆண்டு மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் மூன்று மாணவர்கள் சேர்ந்து சுமார் 20 நிமிடம் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைக் குறும்படம் எடுத்தார்கள். படத்தின் பெயர் 'கொலையாளிகள்'. எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதிய சிறுகதைதான் மூலம். பெயரைக் கேட்டதும் ரத்தம், துரத்தல், துப்பாக்கிச் சண்டை எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். படம் முடியும்வரை ஒரு தோட்டா கூட வெடிப்பதில்லை. கொலையும் நடப்பதில்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு அடிவயிற்றில் ஒரு பயம் உட்கார்ந்துகொள்கிறது!

அந்த மூன்று மாணவர்கள்: அலெக்சாந்தர் கோர்டன், மரிகா பெய்கூ, ஆந்த்ரேய் தார்கோவ்ஸ்கி. மூன்றாவது பெயரை உலக சினிமா பார்க்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். 'இவானின் குழந்தைப் பருவம்' (1962), 'சோலாரிஸ்' (1972), 'ஸ்டாக்கர்' (1979) போன்ற படங்களை எடுத்தவர். மெதுவாக நகரும் படங்களுக்குப் பேர்போன அவருடைய முதல் முயற்சி ஒரு த்ரில்லர் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

த்ரில்லர் என்ற வகைக்கு இருக்கும் விதிகளில் பாதியை இந்த மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதியை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், அதனால் படத்துக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்ப்போம்.

த்ரில்லரின் விதிகள்

முதலில் விதிகள் என்னவென்று தெரிய வேண்டும். இதை மிக எளிமையாக விளக்கியவர் ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்சுவா த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில் (1966இல் புத்தகமாக வந்தது) அவர் ஒரு வெடிகுண்டு உதாரணம் சொல்கிறார். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது. பார்வையாளருக்கு எதுவும் தெரியாமல் திடீரென்று குண்டு வெடித்தால் 15 வினாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, கடிகாரத்தையும் காட்டிவிட்டு, அந்த இரண்டு பேரையும் சும்மா பேச விட்டால்? 15 நிமிட சஸ்பென்ஸ்!

ஆக, முதல் விதி இது: பார்வையாளருக்குத் தெரிந்த ஆபத்து பாத்திரங்களுக்குத் தெரியக் கூடாது. அடுத்து, நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது விதிதான் முக்கியம். ஏற்றிய பதற்றத்தை இறக்கியாக வேண்டும். 'சபோடாஜ்' (1936) படத்தில் குண்டு வெடித்து ஒரு சிறுவன் இறந்துபோகும்படி வைத்தது தன் தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் சொன்னார். அத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சு தர வேண்டாமா என்பது அவர் கட்சி.

இவற்றோடு இன்னும் சில எழுதப்படாத விதிகளும் உண்டு. எச்சரிக்கை கிடைத்தவன் தப்பி ஓடுவான் அல்லது எதிர்த்து நிற்பான். யாரோ ஒருவர் துப்பறிவார். கடைசியில் 'ஏன்?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஹெமிங்வேயின் கதை

'கொலையாளிகள்' சிறுகதை 1927இல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்னர்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. கதை ரொம்பச் சின்னது. ஒரு சிற்றூர் உணவு விடுதிக்குள் இரண்டு பேர் நுழைகிறார்கள். இறுக்கமான ஓவர்கோட், தொப்பி, கையுறை. சாப்பிடும்போது கூட கையுறையைக் கழற்றுவதில்லை! மெனுவில் இல்லாததைக் கேட்டுக் கடைக்காரர் ஜார்ஜிடம் வம்பு செய்கிறார்கள். பிறகு நிக் என்ற இளைஞனையும் சமையல்காரரையும் சமையலறையில் கட்டிப் போடுகிறார்கள். தினமும் ஆறு மணிக்குச் சாப்பிட வரும் ஓல் ஆண்டர்சன் என்பவரைக் கொல்லத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியவே தெரியாது. யாருக்காகவோ செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆறு மணி ஆகிறது, ஏழு மணியும் ஆகிறது. அவர் வரவில்லை. கொலையாளிகள் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

நிக் ஓடிப்போய் ஆண்டர்சனை எச்சரிக்கிறான். முன்னாள் குத்துச்சண்டை வீரரான அந்த ஆள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறார். போலீசிடம் சொல்லவா என்று நிக் கேட்டால், அதனாலும் பயனில்லை என்கிறார். நிக் திரும்பி வந்து, இந்த ஊரை விட்டே போகப் போவதாக ஜார்ஜிடம் சொல்கிறான். கதை முடிந்தது.

அவரை ஏன் கொல்ல வேண்டும், அவர் என்ன செய்தார், ஏன் ஓடவில்லை.. ஒன்றுக்கும் கதையில் பதில் இல்லை. பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும் என்று 1932இல் ஹெமிங்வே எழுத்துக்குச் சொன்ன இலக்கணத்துக்கு இந்தக் கதையே நல்ல உதாரணம்.

ஹாலிவுட் சொன்ன பதில்

ஹாலிவுட்டுக்கு எட்டில் ஒரு பங்கு போதவில்லை. 1946இல் ராபர்ட் சியோட்மாக் இயக்கிய 'தி கில்லர்ஸ்' வெளிவந்தது. பர்ட் லங்காஸ்டரின் முதல் படம்; ஏவா கார்ட்னரை நட்சத்திரமாக்கிய படமும் கூட. ஹெமிங்வேயின் கதை முழுவதும் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. கதையில் இல்லாத கொலையும் நடந்துவிடுகிறது.

மீதிப் படம் முழுக்க 'ஏன்?' என்ற கேள்விக்கான பதில். இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணையாளர் ஒருவர் இறந்தவரின் பழைய நண்பர்களைத் தேடிப் போகிறார். ஃப்ளாஷ்பேக்குக்கு மேல் ஃப்ளாஷ்பேக். ஒரு கொள்ளை, ஒரு அழகி, ஒரு துரோகம். எல்லா முடிச்சும் அவிழ்ந்த பிறகுதான் படம் முடியும். சிறந்த இயக்குநர் உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. ஃபிலிம் நுவார் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இதைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் ஹெமிங்வே மூடி வைத்த கதவை அந்தப் படம் திறந்துவிட்டது. ஓடாமல் படுத்துக் கிடந்தவரின் மர்மம் ஒரு காதல் தோல்வியாகச் சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாஸ்கோ, 1956

இப்போது மாஸ்கோவுக்கு வருவோம். அங்கே உள்ள அரசு திரைப்படக் கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. உலகின் முதல் திரைப்படக் கல்லூரி அதுதான். தார்கோவ்ஸ்கி 1954இல் அங்கே இயக்குநர் பிரிவில் சேர்ந்தார். ஆசிரியர் மிக்கேல் ரோம், 'அக்டோபரில் லெனின்' (1937) எடுத்த புகழ்பெற்ற இயக்குநர். கருவிகள் பற்றாக்குறை காரணமாக மாணவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் பயிற்சிப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்த கூட்டணிதான் தார்கோவ்ஸ்கி, கோர்டன், பெய்கூ.

ஹெமிங்வே கதையை எடுக்கலாம் என்பது தார்கோவ்ஸ்கியின் யோசனை. இது சாதாரணத் தேர்வு கிடையாது. ஸ்டாலின் 1953இல் இறந்திருந்தார். 1956 பிப்ரவரியில் கட்சியின் 20ஆவது மாநாட்டில் குருஷ்சேவ் அவருடைய குற்றங்களைப் பட்டியலிட்டுப் பேசியிருந்தார. இறுக்கம் கொஞ்சம் தளர்ந்து, வெளிநாட்டு இலக்கியம் மறுபடி பத்திரிகைகளில் வரத் தொடங்கிய நேரம். பனிப்போர் எதிரியான அமெரிக்காவின் எழுத்தாளர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அமெரிக்க விடுதி ஒன்றை மாஸ்கோ ஸ்டுடியோவுக்குள் செட் போட்டு, ஓர் அமெரிக்கக் குற்றக் கதையை எடுப்பது அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். செட்டுக்கு வேண்டிய சாமான்களை மாணவர்கள் தங்கள் வீடுகளிலிருந்தும் நண்பர்கள் வீடுகளிலிருந்தும் கொண்டுவந்தார்கள்.

நடித்ததும் பெரும்பாலும் வகுப்பு மாணவர்களே. நிக்காக யூலி ஃபைட், கடைக்காரர் ஜார்ஜாக கோர்டன், ஆண்டர்சனாக வாசிலி சுக்ஷின். (சுக்ஷின் பின்னாளில் ரஷ்யாவின் முக்கியமான எழுத்தாளராகவும் இயக்குநராகவும் ஆனார்.) விடுதிக் காட்சிகளான முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் தார்கோவ்ஸ்கியும் பெய்கூவும் இயக்கினார்கள். ஆண்டர்சனின் அறையில் நடக்கும் நடுப்பகுதி கோர்டனுடையது.

எடுத்துக்கொண்ட பாதி

முதல் பகுதியைப் பார்த்தால் இந்த மாணவர்களுக்கு த்ரில்லர் இலக்கணம் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது புரியும். ஹிட்ச்காக்கின் குண்டு உதாரணம் அப்படியே இங்கே இருக்கிறது. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதற்குப் பதிலாக, சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஓர் ஆள். கடைக்குள் வரும் வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. ஜார்ஜுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வாடிக்கையாளர் வருகிறார். கவுண்டரில் நின்றுகொண்டு 'லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்' என்ற ஜாஸ் மெட்டை (ஜார்ஜ் ஷியரிங், 1952) சாவகாசமாக விசிலடிக்கிறார். அந்த வேடத்தில் வருபவர் தார்கோவ்ஸ்கியேதான்! படத்தில் பயமுறுத்தும் பின்னணி இசை எதுவும் கிடையாது. பாத்திரச் சத்தம், காலடிச் சத்தம், இடையிடையே மௌனம். அந்த மௌனத்தில் இந்த விசில் ஒலி மட்டும் கேட்கிறது. சந்தோஷமான மெட்டு, ஆனால் கேட்கும்போது உடம்பு கூசுகிறது. எதுவும் தெரியாத மனிதன் ஒருவன் சாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறான் என்பதால்தான் அப்படி.

கறுப்புக் கோட்டு, தொப்பி, நிழலும் வெளிச்சமும், கடிகாரம், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் யார் வருகிறார்கள் என்ற படபடப்பு.. இவை எல்லாமே அமெரிக்கக் குற்றப் படங்களின் சாமான்கள். கொலையாளிகள் இருவரும் மேடை நகைச்சுவை ஜோடி மாதிரிப் பேசுவதும் கதையிலிருந்தே வந்தது. சிரிப்பும் மிரட்டலும் ஒரே வாயிலிருந்து வரும்போது பயம் கூடத்தான் செய்கிறது.

விட்டுவிட்ட பாதி

பதற்றத்தை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டு இந்தப் படம் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. வர வேண்டியவர் வரவில்லை, கொல்ல வேண்டியவர்கள் எழுந்து போகிறார்கள். மேஜைக்கு அடியில் குண்டு அப்படியே இருக்கிறது!

சாதாரண த்ரில்லரில் இதற்கு அடுத்த கட்டம் ஓட்டம். நிக் ஓடிப்போய்ச் சொல்கிறான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும் விடுகிறான். 'கடைசி நிமிடத்தில் காப்பாற்றுவது' என்ற விதிப்படி பார்த்தால் அவன் ஜெயித்துவிட்டான். ஆனால் காப்பாற்றப்பட வேண்டியவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தும் பயன்படாமல் போகிறது. த்ரில்லர் வகைக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ஏனென்றால் தகவல் தெரிந்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வகையே நிற்கிறது.

கடைசியில் மறுபடி விடுதி. நிக்கும் ஜார்ஜும் பேசுகிறார்கள். ஆண்டர்சன் தன் அறையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். பார்வையாளர் எதற்காகக் காத்திருந்தாரோ அது படத்துக்கு வெளியே, என்றோ ஒரு நாள் நடக்கப் போகிறது. ஹிட்ச்காக் சொன்ன நிம்மதிப் பெருமூச்சு இங்கே கடைசிவரை வருவதில்லை.

பணம் இல்லாததால், நேரம் இல்லாததால் இப்படி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்? மூலக் கதை விட்ட இடைவெளியை நிரப்பாமல் விட்டதுதான் இவர்கள் எடுத்த முடிவு. சியோட்மாக் எந்தக் கேள்விக்குப் பதிலாக முழுப் படத்தையே எடுத்தாரோ, அந்தக் கேள்வியை இவர்கள் கேள்வியாகவே வைத்துவிட்டார்கள்.

அந்த மௌனத்துக்கு ஒரு பின்னணி

அதே 1956இல் சோவியத் திரையரங்குகளில் கூட்டம் அலைமோதிய படங்களில் ஒன்று 'வழக்கு எண் 306'. துப்பறியும் படம். சோவியத் போலீஸ் படிப்படியாகப் புலனாய்வு செய்து குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடும். சட்டம் விழித்திருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்பதுதான் அந்த வகைப் படங்கள் தரும் ஆறுதல். மாணவர்களின் படத்தில் போலீஸ் என்ற பேச்சு ஒரு முறைதான் வருகிறது. அதுவும் பயனில்லை என்று தள்ளப்படுகிறது.

கதை அமெரிக்காவில் நடக்கிறது என்பதால் இதை முதலாளித்துவ சமுதாயத்தின் சீரழிவு என்று சொல்லித் தாராளமாக அனுமதி வாங்கலாம். ஆனால் படம் பார்த்த மாஸ்கோவாசிகளுக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. 1930களின் இரவுகளில் எத்தனையோ பேர், தங்களைக் கூட்டிப் போக எப்போது ஆள் வரும் என்று படுக்கையில் விழித்துக் கிடந்தார்கள். வருகிறவர்களுக்கு இவர்களோடு சொந்தப் பகை எதுவும் இருந்ததில்லை, யாரோ அனுப்ப வந்தவர்கள். என்ன குற்றம் செய்தோம் என்பதும் பலருக்குத் தெரியாது. எங்கே ஓடுவது?

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சுக்ஷினின் தந்தை மகார் 1933இல், கூட்டுப்பண்ணைகள் திணிக்கப்பட்ட காலத்தில், கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர். அப்போது சுக்ஷினுக்கு மூன்று நான்கு வயதுதான். இந்தப் படம் எடுக்கப்பட்ட அதே 1956இல்தான் அவர் தந்தை குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. மாணவர்கள் இதை மனதில் வைத்துத்தான் எடுத்தார்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் 'ஏன்?' என்பதற்கு விடை சொல்லாத ஒரு படம், விடை கிடைக்காத கேள்விகளோடு வாழ்ந்த ஒரு ஊரில் எடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இதைப் பார்க்க முடியாது. சியோட்மாக்கின் படம் போல ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதவு மூடியே இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு

இது மாணவர் படம்தான், அதில் சந்தேகமில்லை. ரஷ்ய முகங்கள் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டு அமெரிக்கர்களாக நடிப்பது சில இடங்களில் நாடகம் போலத்தான் இருக்கிறது. கொலையாளிகளின் நடிப்பு கொஞ்சம் தூக்கல். பகுதிகளை வெவ்வேறு பேர் தனித்தனியாக இயக்கியதால் விடுதிக் காட்சிகளுக்கும் அறைக் காட்சிக்கும் நடையில் வித்தியாசம் தெரிகிறது. ஆனாலும் ஆசிரியர் ரோம் படத்தைப் பார்த்துப் பாராட்டினார்.

அடுத்த படத்தில் நேர் எதிர்

விதிகளை உடைப்பதே இவர்களுக்கு வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தார்கோவ்ஸ்கியும் கோர்டனும் சேர்ந்து எடுத்த அடுத்த மாணவர் படம் 'இன்று விடுப்பு இல்லை' (1959). கல்லூரியும் சோவியத் தொலைக்காட்சியும் இணைந்து தயாரித்தது. ஓர் ஊரின் நடுவே போர்க்காலத்து வெடிகுண்டுகள் புதைந்து கிடப்பது தெரியவருகிறது. அங்கேயே வெடிக்க வைத்தால் ஊர் போய்விடும். மக்களை வெளியேற்றிவிட்டு ராணுவ வீரர்கள் ஒவ்வொரு குண்டாகக் கையால் தூக்கி அப்புறப்படுத்துகிறார்கள்.

ஹிட்ச்காக் சொன்ன குண்டு இங்கே நிஜக் குண்டாகவே வந்துவிட்டது! கை நடுங்கும் நெருக்கக் காட்சிகள், தியாகம், கடமை, வெற்றி, நிம்மதி என்று எல்லா விதிகளும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட படம். விறுவிறுப்பாகவும் இருக்கும். தெரியாததால் உடைக்கவில்லை, தெரிந்துதான் உடைத்தார்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சி. ஆனால் இன்று அதிகம் பேசப்படுவது எந்தப் படம்? விதியை மீறிய முதல் படம்தான்.

மூன்று படங்கள், ஒரு கேள்வி

1964இல் ஹாலிவுட் இந்தக் கதையை மறுபடி தொட்டது. இயக்கம் டான் சீகல். தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு, வன்முறை அதிகம் என்று தொலைக்காட்சி நிறுவனம் மறுத்துவிட்டதால் திரையரங்குக்கு வந்த படம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் நடித்த கடைசித் திரைப்படமும் இதுவே, அதுவும் வில்லனாக! இதில் கொலையாளிகளே துப்பறிகிறார்கள். எச்சரிக்கை கிடைத்தும் அந்த ஆள் ஏன் ஓடாமல் நின்றான் என்பது, அவனைச் சுட்டுக் கொன்ற லீ மார்வினை உறுத்துகிறது. விடை தேடிக் கிளம்புகிறார்.

ஆக, ஓடாமல் நின்ற மனிதனைப் பற்றி மூன்று படங்கள். 1946இல் இன்சூரன்ஸ்காரர் காரணம் தேடுகிறார். 1964இல் கொலையாளியே தேடுகிறார். 1956இல், மாணவர்களின் படத்தில், யாரும் தேடுவதில்லை. அந்த மனிதரை நேரில் பார்த்த நிக்கால் அந்த ஊரில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கொலையாளிகளிடம் கட்டுண்டு கிடந்தபோது வராத பயம், கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு வருகிறது.

2003இல் க்ரைட்டீரியன் நிறுவனம் இந்த மூன்று படங்களையும் ஒரே டிவிடி தொகுப்பாக வெளியிட்டது. இரண்டு பெரிய ஸ்டுடியோ படங்களுக்கு நடுவே ஒரு கல்லூரிப் பயிற்சிப் படம். ஒரு செட், ஒரு கடிகாரம், ஒரு கதவு, வகுப்பு நண்பர்கள் சிலர். குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம். த்ரில்லரில் எதைக் காட்டினால் பயம் வரும் என்பதை அந்த இரண்டு படங்களிலும் கற்றுக்கொள்ளலாம். எதைச் சொல்லாமல் விட்டால் பயம் போகாமல் கூடவே வரும் என்பதை இந்த 20 நிமிடப் படத்தில் கற்றுக்கொள்ளலாம்.